விட்டதை எடுத்தவள்

வலது கையில் இரண்டு விரல் போய், மூன்றாவது மடங்காமல் விறைத்துப்போன ஏழாவது மாதத்தில்தான் மிளகாய்க்குத் தான் செய்த முட்டாள்தனம் முழுசாக உறைத்தது. விரலைப் பறிகொடுத்தது முட்டாள்தனம் இல்லை. பறிகொடுத்த மூன்று மணி நேரத்துக்குள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, அதற்குக் காரணமானவனை மன்னித்தாளே, அதுதான்.

மிளகாய் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் அவளுக்கு மூக்கு நுனியில் கோபம். பொம்மையைப் பிடுங்கினால் கடிப்பாள்; கடித்ததற்கு அடித்தால் திரும்பவும் கடிப்பாள். இந்தக் காரத்தை எப்படியாவது இறக்கவேண்டும் என்று அம்மா அவளை ஐந்து வயதிலேயே பிரார்த்தனை வட்டத்துக்குக் கூட்டிப்போனாள். இறக்கியும் விட்டார்கள். பதினேழு வருஷம் கழித்து மிளகாய் என்ற பேர் மட்டும் மிச்சம் இருந்தது.

வட்டம் கூடுவது கடைத்தெருவில், சைக்கிள் கடைக்கு மேலே, நீளமான ஒரு மாடி அறையில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். நடத்துபவர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனிதர், மெல்லிய குரல், எதைச் சொன்னாலும் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று விளக்குகிற மாதிரியே சொல்வார். பிரார்த்தனை தொடங்குவதற்கு முன் ‘விடுதல்’ நடக்கும். மனக்குறை உள்ளவர் எழுந்து வட்டத்தைக் கடந்து, தனக்குத் தீங்கு செய்தவர் முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, “விட்டேன், விட்டேன், விட்டேன்” என்று சொல்லவேண்டும். ஆள் வரவில்லையென்றால் காலி நாற்காலிக்கு முன்னால் நின்று சொல்லலாம். சொன்னதோடு அந்த விஷயம் செத்தது. அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் எங்கேயும் வாயைத் திறக்கக்கூடாது. யாராவது திறந்தால் காது கொடுத்துக் கேட்பதும் தப்பு.

பிள்ளைகளுக்கு அது வாய்ப்பாடு மாதிரி. பென்சிலைத் திருடியவள், சடையை இழுத்தவன், கணக்கு டீச்சர் என்று வாரத்துக்கு ஒருவரையாவது விட்டுவிடுவார்கள். விட ஆள் கிடைக்காத வாரம் மிளகாய் கவலைப்பட்டதும் உண்டு. அதில் நல்லது இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவளுக்குப் பதின்மூன்று வயதில் அப்பா இன்னொரு குடும்பத்தோடு போய்விட்டார். ஆறு மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, அழுதுகொண்டே மூன்று தடவை சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அதை அவள் மறந்ததே இல்லை. அதனால்தான் வட்டத்தின் மேல் வந்த கோபத்தை அவள் இத்தனை மாதம் தன் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தாள்.

வேலை சலவை ஆலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்ததை, ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் சூடான உருளைக்குக் கீழே செலுத்தவேண்டும். ஈரமாகப் போவது மறுபக்கம் இஸ்திரி போட்டது மாதிரி வரும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. கை தவறி உள்ளே போனால் கம்பியில் இடிக்கும், இடித்தால் உருளை அந்த நொடியே நிற்கும். கம்பி இருப்பது அதற்காகத்தான். ஆனால் துணி கொஞ்சம் சுருண்டு இடித்தாலும் உருளை நின்றுவிடும். நின்றால் மறுபடி ஓடத் தொடங்கப் பத்து நிமிஷம் ஆகும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நின்றால் சூப்பர்வைசருக்கு மேலிடத்திலிருந்து வசவு விழும். அவர் என்ன செய்தார் என்றால், கிழிந்த விரிப்பு ஒன்றை நீளமாகக் கிழித்து, கம்பியை அசையவிடாமல் இறுக்கிக் கட்டிவிட்டார். உருளை நிற்கவே இல்லை. மிளகாயின் விரல்கள் விரிப்போடு சேர்ந்து உள்ளே போனபோதும் நிற்கவில்லை.

சூப்பர்வைசரும் வட்டத்து ஆள்தான். நாற்காலி அடுக்குவதில் முதல் ஆள், பாட்டில் நல்ல குரல், எல்லாருக்கும் அண்ணன். அன்றைக்குச் சாயங்காலமே மருந்துக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தோள் குலுங்க அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். மிளகாய்க்குப் போட்டிருந்த ஊசியில் அறையே மிதந்துகொண்டிருந்தது. ஒருவர் எதிரில் வந்து அழுதால் என்ன செய்யவேண்டும் என்று பதினேழு வருஷமாகப் பழக்கியிருந்தார்கள். கட்டுப் போடாத இடது உள்ளங்கையை விரித்தாள். வாய் தானாக மூன்று தடவை சொன்னது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என் தங்கம்” என்றாள்.

மறுநாளே சூப்பர்வைசர் அறிக்கை எழுதினார். ‘கைபேசியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ததால் ஏற்பட்ட விபத்து’ என்று. கைபேசி அப்போது மாடிப்படிக்குக் கீழே, அவளுடைய பையில், பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. அறிக்கையில் இப்படி எழுதியிருப்பது இரண்டு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. பதறிப்போய் மருந்துக்கடைக்காரரிடம் ஓடினாள்.

“அதுவும் அதே விஷயத்தைச் சேர்ந்ததுதானேம்மா,” என்றார் அவர், மாத்திரையை எண்ணிக்கொண்டே. “முழுசா விட்டுட்ட. அதுல ஒரு நூலைப் பிடிச்சு மறுபடி இழுக்கலாமா?”

இழுக்கவில்லை. அந்த நூல் அவள் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டு கிடந்தது.

இதற்கு நடுவில் சூப்பர்வைசர் அண்ணனுக்குப் பெரிய மனசு வந்தது. “ஒரு சம்பளம் நின்னுபோச்சு, சின்னதை அனுப்புங்கம்மா, நான் பாத்துக்கறேன்,” என்று அம்மாவிடம் சொல்லி, மிளகாயின் தங்கையை ஆலையில் சேர்த்துக்கொண்டார். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பேர், வயது பதினெட்டு. வட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். யாரையாவது மன்னிக்கச் சொன்னால், அவர் என்ன செய்தார் என்று கேட்பதற்கு முன்னாலேயே மன்னித்துவிடும் ரகம். மடிக்கும் மேஜையில் போடுகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். மேஜை யார் கையையும் தின்னாது என்று மிளகாய் வாயை மூடிக்கொண்டாள்.

ஏழாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கால் கழுவிக்கொண்டே பாப்பா சொன்னாள்: “அக்கா, வியாழக்கிழமைலேர்ந்து என்னை உருளைக்கு மாத்திட்டாங்க. நீ நின்ன இடம்தான். முன்னாடி ஒரு கம்பி இருக்கில்ல, அதுல மெத்துனு துணி சுத்தி வச்சிருக்காங்க. புடிச்சுக்க வசதியா இருக்கு.”

மிளகாய் விருட்டென்று எழுந்தாள். கட்டியிருக்கிறான். தன் விரல் போன அதே இடத்தில், அதே கம்பியில், மறுபடியும் துணியைக் கட்டியிருக்கிறான். அது புடிச்சுக்கறதுக்கு இல்லடி பாப்பா என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

“வாயை மூடு. விட்டதைப் பேசாத.”

“அம்மா, அவ அங்க நிக்கறா. நாளன்னிக்கு மறுபடி போய் நிக்கப்போறா.”

“அவ ஒண்ணும் உன்னை மாதிரி இல்ல. ஜாக்கிரதையா இருப்பா.”

இந்த ஒரு வாக்கியத்தில் அறிக்கை முழுவதும் அடங்கியிருந்தது. பெற்ற அம்மாவே நம்பியிருக்கிறாள். பிறகு நம்பாமல் என்ன செய்வாள்? அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கத்தான் யாருக்கும் உரிமை இல்லையே.

மிளகாய் தங்கையின் கையைப் பிடித்துத் திருப்பினாள். “நீயாவது கேளுடி. அந்தக் கம்பி...”

பாப்பா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கோபமாக இல்லை, பாசமாகத்தான், அக்கா பாவத்தில் விழுந்துவிடக்கூடாதே என்று. “வேண்டாம்க்கா. நீ விட்டது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நான் பிள்ளைங்களுக்கெல்லாம் உன்னைத்தான் சொல்லிக்கொடுக்கறேன்.”

மிளகாய் சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறை. பாப்பாவை அவளுக்குத் தெரியும். விரல் எப்படிப் போனது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் போதும்; அவள் அந்த உருளைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். ஆனால் விட்ட விஷயத்தை அவள் கேட்கமாட்டாள். அப்படியென்றால் விடாத விஷயமாக்கவேண்டும். விட்டதற்கெல்லாம் கணக்கு வைக்கிற வட்டத்துக்கே போய்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல, “விட வேண்டியது யாருக்காவது இருக்கா?” என்று கேட்டார். மேல்வீட்டு அம்மாள் ஈரத்துணியைப் பிழியாமல் தன் ஜன்னலுக்கு மேலே காயப்போடுவதைத் தையல்காரம்மா விட்டாள். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தன்னைக் குண்டா என்று கூப்பிட்ட வகுப்பு முழுவதையும் மொத்தமாக விட்டான். அப்புறம் மிளகாய் எழுந்தாள். வட்டத்தைக் கடந்து சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். ஆகா, இரண்டாவது தடவையும் விடப்போகிறாள், இந்தக் காலத்துப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நாலு பேர் நெகிழ்ந்து சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் கையை விரிக்கவில்லை. இருந்த விரல்களைக்கொண்டு மூடினாள்.

“அண்ணே, ஆஸ்பத்திரில உங்களை விட்டேன்னு சொன்னேன். அதை எடுத்துக்கறேன். எடுத்துக்கறேன். எடுத்துக்கறேன்.”

அப்படி ஒரு வார்த்தையே அந்த அறையில் அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.

“அதெல்லாம் எடுக்க முடியாதும்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “முழுங்கின மாத்திரையை எப்படி எடுப்ப?”

“வாந்தி எடுப்பேன் ஐயா. ஊசி போட்டு மயக்கத்துல கிடந்தவ வாயில திணிச்ச மாத்திரை அது.”

சூப்பர்வைசர் முகம் வெளுத்தது. “நான் அன்னைக்கே அழுதேனேம்மா. இவங்கல்லாம் பாத்தாங்களே.”

“அழுதீங்க. நான் இல்லைன்னு சொல்லல. அழுதுட்டுப் போய் நான் கைபேசி பாத்தேன்னு எழுதினீங்க. இப்ப மறுபடியும் கம்பியைக் கட்டியிருக்கீங்க. என் தங்கச்சி நிக்கற எடத்துல.”

“கட்டாம எந்த ஆலைம்மா ஓடுது?” என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னபிறகு வாயை மூடி என்ன பிரயோஜனம்? ஆனால் அவர் பயந்திருக்கவே வேண்டாம். அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு நாற்காலிகூட அசையவில்லை. பாப்பா நேற்று மாதிரியே காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் மிளகாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பியைக் கட்டியவன் பெரிய குற்றவாளியாகத் தெரியவில்லை. அதைச் சொன்னவள்தான் தெரிந்தாள்.

மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடித் திறந்தார். “இந்தப் பொண்ணு மனசுல கோபம் புகுந்திருக்கு. இவ இப்ப நம்ம எல்லாரையும் காயப்படுத்திட்டா. நாம என்ன செய்யணும்? இவளை விடணும்.”

செய்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். தையல்காரம்மா வந்தாள், கையை விரித்தாள், “விட்டேன், விட்டேன், விட்டேன்” என்றாள். குண்டன் என்று பேர் வாங்கிய பையன் வந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். பின்னாலேயே வரிசை. மிளகாய் நடுவில் நின்றாள். உடம்பெல்லாம் எரிந்தது. நான் உங்களுக்கு என்ன செய்தேன்? என் கையைப் பாருங்கள், இதில் இல்லாத விரலுக்காகவா என்னை மன்னிக்கிறீர்கள்? சொல்லத்தான் நினைத்தாள். பேச வாயெடுத்தபோதெல்லாம் அடுத்த ஆள் வந்து நின்று உள்ளங்கையை விரித்தார். இருபத்தேழு பேர். ஐந்தைந்து விரலோடு ஐம்பத்துநான்கு முழுக் கைகள். சூப்பர்வைசரும் வந்தார். அவரும் கண்கலங்கி, அவளை மூன்று தடவை விட்டார். அந்த முகத்தில் ஓங்கி ஒரு அறை விடாமல் இருந்தது எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவும் வந்தாள். வார்த்தை வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கையை விரித்துக் காட்டிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் வந்தது பாப்பா.

அக்காவுக்கு எதிரில் நின்று, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே ஒழுங்கோடு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். இடது மணிக்கட்டுக்கு உள்பக்கம் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. விரல் நீளம், தோல் பளபளத்து, ஒரு ஓரத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. உருளையின் விளிம்பு பட்டால் அப்படித்தான் ஆகும். அந்தக் கோட்டை மிளகாய்க்குத் தெரியாதா?

“இது எப்படி?”

“ஒண்ணுமில்லக்கா. வெள்ளிக்கிழமை விரிப்பு இழுத்துடுச்சு. கையை வெடுக்குனு எடுத்துட்டேன்.” பாப்பா குரலைத் தாழ்த்தினாள். “அண்ணன் அப்பவே வந்து வருத்தப்பட்டாருக்கா. நான் அங்கயே விட்டுட்டேன்.”

உருளைக்கு வந்து இரண்டாவது நாள். ஒரு விரல் தூரத்தில் தப்பித்திருக்கிறாள். தப்பித்தவள், என்ன நடந்தது என்றுகூட யோசிக்காமல், அந்த நிமிஷமே கையை விரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக்கூடாதே! இவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது மருந்துக்கடைக்காரர் மட்டுமா? நான்தான், என்னைக் காட்டித்தான் என்று நினைத்தபோது, மற்றவர்கள் மேல் இருந்த கோபத்தோடு தன் மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது.

வீட்டை விட்டு வெளியே வரும்போது மிளகாய் வலது கையில் எப்போதும் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வாள். பார்த்தால் அண்ணனுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அம்மா சொல்லிவைத்த ஏற்பாடு. அதை உருவிக் கீழே போட்டாள். அந்தக் கையை எடுத்துத் தங்கையின் விரித்த உள்ளங்கையில் வைத்தாள்.

“சொல்றதுக்கு முன்னாடி இதைப் பிடி.”

ஒரே வீட்டில் ஏழு மாதம் இருந்தும் அந்தக் கையைப் பாப்பா நேராகப் பார்த்ததில்லை. விட்ட விஷயத்தைப் பார்ப்பதுகூடத் தப்பு என்று நினைத்திருந்தாளோ என்னவோ. இப்போது கையில் இருந்தது, பார்க்காமல் முடியாது. வெந்து சுருங்கிய தோலை, மொட்டையாக நின்ற இரண்டு இடத்தை, மடங்காத விரலை, ஒன்றொன்றாகத் தன் விரலால் தொட்டாள். வாய் ‘வி’ என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் வரவில்லை.

“சொல்லும்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “நீ சொன்னாதான் பிரார்த்தனை ஆரம்பிக்க முடியும்.”

பாப்பா அவர் பக்கம் திரும்பவில்லை.

“வலிச்சுதாக்கா?”

ஏழு மாதத்தில் இதை ஒருவர்கூட மிளகாயிடம் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் கேட்கவில்லை. பெரிய மனசு, பெரிய மனசு என்று எல்லாரும் மனசைத்தான் விசாரித்தார்கள்.

“முதல்ல வலிக்கலடி,” என்றாள். “விரிப்போட ஓரம் ஈரமா விரல்ல ஒட்டிக்கிச்சு. உதறினேன். வரல. கை கம்பிகிட்ட போச்சு. சரி, இடிச்சா நின்னுடும்னு நெனச்சேன். இடிச்சுது. நிக்கல. இன்னொரு தடவ நானே வேணும்னு இடிச்சேன்...”

“பாட்டு,” என்றார் மருந்துக்கடைக்காரர் அவசரமாக. “எல்லாரும் பாடுங்க.”

சூப்பர்வைசர்தான் எடுத்துக்கொடுத்தார். நல்ல குரல் என்றேனே, அந்தக் குரல் அறை முழுக்க நிறைந்தது. இருபத்தாறு பேரும் எழுந்து கைதட்டிப் பாடினார்கள். கருணையைப் பற்றிய பாட்டு. பிள்ளைகளுக்குப் பாப்பா சொல்லிக்கொடுத்த பாட்டுத்தான். மிளகாயின் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பது இரண்டாவது நாற்காலிக்குக்கூட எட்டவில்லை.

பாப்பா பாடவில்லை. அக்காவின் கையை விடாமல், இன்னும் கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, காதை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

“கேட்கலக்கா. சத்தமாச் சொல்லு.”